மூணு மணி பெல்லுக்குள்ள ஒரு படம்

போன செவ்வாய்க்கிழமை ஒரு படத்துல ஹீரோயின் கதவைத் திறக்கலாமான்னு தாழ்ப்பாள்ல கை வச்ச நேரத்துல நான் எந்திரிச்சு வெளிய வந்துட்டேன். கதவுக்கு அந்தப் பக்கம் நின்னது அவ அண்ணனா, போலீஸா, இல்ல வெறும் காத்தான்னு இன்னி வரைக்கும் எனக்குத் தெரியாது. படம் மோசம்னு எந்திரிக்கல, நல்லா இருந்துச்சு, ரொம்பவே நல்லா இருந்துச்சு. ஆனா மணி 2.10, ஸ்கூல் பெல் 3 மணிக்கு, அவ்வளவுதான் விஷயம்.

பொண்ணு ரெண்டாங்கிளாஸ் படிக்கிறா. காலைல 8.30க்கு கொண்டு போய் விடறதும் 3 மணிக்கு போய் கூட்டிட்டு வர்றதும் என் டூட்டி, ஏன்னா மனைவி ஏழரைக்கே கிளம்பிடுவா, எனக்கு வேலையே சாயங்காலம் நாலு மணிக்கு மேலதான் ஆரம்பிக்கும் (டீம்ல பாதிப் பேருக்கு அப்பதான் பொழுதே விடியும்). பேப்பர்ல எழுதிப் பார்த்தா நடுவுல ஆறரை மணி நேரம் சும்மா கிடக்கு. அந்தப் பேப்பரைப் பார்த்துட்டுத்தான் சொந்தக்காரங்க அத்தனை பேரும் "நீ பகல்ல ஃப்ரீதானே"ன்னு ஆரம்பிக்கிறாங்க. விட்டுட்டு வீட்டுக்கு வந்து பாத்திரத்தைக் கழுவி, துணியைப் போட்டு, எடுத்து, காயவச்சு, நேத்து நைட்டு முடிக்காம விட்ட மெயிலுக்குப் பதில் போட்டு, யாரோ வந்து பார்க்கறேன்னு சொன்ன ரிப்பேருக்காகக் காத்திருந்து, அவரு வராம, மறுபடி போன் பண்ணி... இப்படியே போனா ஆறரை மணி நேரம் எங்க போச்சுன்னே தெரியாது, மணி ரெண்டே கால் ஆயிருக்கும், வண்டிச் சாவியைத் தேடிட்டு இருப்பேன்.

அவ பொறந்ததுக்கு அப்புறம் ஆறு வருஷம் நான் தியேட்டர் பக்கமே போகல. அதுக்கு முன்னாடி நானும் மனைவியும் நைட் ஷோ ஆளுங்க, பன்னெண்டு மணிக்கு வெளிய வந்து காலி ரோட்டுல படத்தைப் பத்திச் சண்டை போட்டுட்டே வர்ற ஜாதி. குழந்தை வந்ததும் அது நின்னு போச்சு, யாரும் முடிவெடுத்து நிறுத்தல, தானா நின்னுச்சு. வீட்டுல பெரிய டிவி வாங்கினோம், அதுல படம் போட்டா இருபதாவது நிமிஷம் ரெண்டு பேரும் தூங்கியிருப்போம்.

மறுபடி ஆரம்பிச்சது தற்செயலாத்தான். ஒருநாள் லேப்டாப்பை சர்வீஸுக்குக் குடுத்தேன், ரெண்டு மணிக்கு வாங்கன்னுட்டாங்க, லேப்டாப் இல்லாம வீட்டுக்குப் போய் என்ன பண்றதுன்னு நின்னா எதிர்லயே தியேட்டர். என்ன படம்னு கூடப் பார்க்காம டிக்கெட் எடுத்துட்டு உள்ள போனேன். அவ்வளவு பெரிய ஹால்ல என்னையும் சேர்த்து ஒன்பது பேர், எண்ணினேன், எண்ணறதுக்கு நேரம் இருந்துச்சு. அதுல மூணு பேரு தூங்கத்தான் வந்திருந்தாங்க. லைட் அணைஞ்சதும் எனக்கு வந்த சந்தோஷம் இருக்கே, காலேஜ்ல கிளாஸ் கட் அடிச்சப்ப கூட அப்படி வரல. எல்லாரும் எங்கயோ வேலை செஞ்சிட்டு இருக்காங்க, வெளிய வெயில் கொளுத்துது, நான் மட்டும் இங்க இருட்டுல உக்கார்ந்திருக்கேன், என்னை யாரும் தேடல.

அதுக்கப்புறம்தான் கணக்கு போட ஆரம்பிச்சேன். கணக்கை முன்னாடி இருந்து போடக்கூடாது, பின்னாடி இருந்து போடணும், இதை நான் ரெண்டு தடவை கேட்ல கடைசி ஆளா நின்ன குழந்தையைப் பார்த்துத்தான் கத்துக்கிட்டேன். 3 மணிக்கு பெல். 2.45க்கு அங்க இருந்தாத்தான் வண்டி நிறுத்த இடம் கிடைக்கும். தியேட்டர்ல இருந்து ஸ்கூலுக்கு 35 நிமிஷம். அப்போ 2.10க்கு நான் சீட்டுல இருக்கக்கூடாது. இங்க வார நாள்ல முதல் ஷோவே 12 மணிக்குத்தான். விளம்பரம், ட்ரெய்லர், அதைப் பண்ணாதே இதைப் பண்ணாதேங்கற அறிவிப்பு எல்லாம் முடிஞ்சு படம் ஆரம்பிக்க 12.15. ஆக என் கையில இருக்கறது 115 நிமிஷம். இடைவேளை விட்டா அதுலயும் கை வைக்கும்.

115 நிமிஷம்! இப்ப வர்ற படம் எது அதுக்குள்ள முடியுது? 2023ல வந்த ஓப்பன்ஹைமர் சரியா 180 நிமிஷம், அதுக்குப் போகணும்னா நான் லீவு போடணும், என் லீவு இல்ல, பொண்ணு லீவு போடணும். அதே வருஷம் கில்லர்ஸ் ஆஃப் தி ஃப்ளவர் மூன் 206 நிமிஷம். அதைப் பார்க்கணும்னா பொண்ணு காலேஜ் போற வரைக்கும் பொறுக்கணும். படம் நீளமா எடுக்கறவங்க மேல எனக்கு விரோதம் ஒண்ணும் கிடையாது, ஆனா ஸ்கூல் கேட்ல நிக்கிற அப்பன் ஒருத்தனை மனசுல வச்சு எடிட் பண்ணினா பாதிப் படத்துல யாருக்கும் வலிக்காம இருபது நிமிஷம் போயிடும்னு அடிச்சுச் சொல்வேன்.

ஒரு நல்ல விஷயம், ரன் டைம்னு போட்டிருக்கறதுல கடைசியா ஓடற பேர் பட்டியலும் சேர்த்தி. கிராஃபிக்ஸ் நிறைய இருக்கற பெரிய படம்னா அந்தப் பட்டியலே எட்டு பத்து நிமிஷம் ஓடும், அதனால 123 நிமிஷம்னு போட்டிருந்தாலும் கதை 115லயே முடிஞ்சிடும், தைரியமாப் போகலாம். பட்டியலுக்கு நடுவுல ஒளிச்சு வைக்கற குட்டி சீனெல்லாம் எனக்கானது இல்ல, அது கல்யாணம் ஆகாதவங்களுக்கு. சின்னப் படத்துல இந்தச் சலுகை கிடையாது, வேலை செஞ்சவங்களே கம்மி, பேரு ரெண்டே நிமிஷத்துல முடிஞ்சிடும்.

ஆனா பகல் ஷோன்னா பெரும்பாலும் சின்னப் படம்தான். பெரிய படம் மூணு மணி நேரம் ஓடினா ஒரு ஸ்க்ரீன்ல ஒரு நாளைக்கு ஒரு ஷோ குறையும், அப்ப சாயங்காலம், நைட் எல்லாத்தையும் அதுக்கே குடுத்துட்டு, சின்னப் படத்தை ரெண்டாவது வாரத்துல யாரும் வராத மத்தியானத்துக்குத் தள்ளி விட்டுடுவாங்க. மூணாவது வாரம் அதுவும் இருக்காது. அதனால நான் பார்த்த படங்களோட லிஸ்ட்டை யாராவது பார்த்தா பெரிய ரசனைக்காரன்னு நினைப்பாங்க. ரசனை ஒண்ணும் இல்லைங்க, பன்னெண்டு மணிக்கு ஓடுச்சு, ரெண்டு மணிக்கு முடிஞ்சுச்சு, போனேன்.

மேட்னிங்கற வார்த்தையே காலை நேரத்தைக் குறிக்கிற பிரெஞ்சு வார்த்தைல இருந்து வந்ததுதான். பேரு மட்டும் காலை, ஷோ போடறது மத்தியானம். அந்தப் பேருக்காவது மரியாதை குடுத்து ஒன்பதே காலுக்கு ஒரு ஷோ போட்டா என்ன? ஸ்கூல்ல விட்டுட்டு நேரா வரலாம், பதினொண்ணரைக்கு வீட்டுல இருக்கலாம், துணியும் காயும். கைக்குழந்தையோட வர்றவங்களுக்காக லைட்டை முழுசா அணைக்காம, சத்தத்தைக் குறைச்சு வச்சு பகல்ல தனி ஷோ போடற தியேட்டரெல்லாம் உலகத்துல நிறைய இருக்கு, நல்ல ஏற்பாடு. குழந்தை ஸ்கூல் சேர்ந்ததும் நம்மளை எல்லாரும் மறந்துடறாங்க.

1895 டிசம்பர் 28ஆம் தேதி பாரிஸ்ல லூமியேர் சகோதரர்கள் முதல் முதலா காசு வாங்கிட்டு ஜனங்களுக்குப் படம் காட்டினப்போ மொத்தம் பத்துப் படம், ஒவ்வொண்ணும் ஒரு நிமிஷம் கூட இருக்காது, எல்லாம் சேர்த்து இருபது நிமிஷத்துக்குள்ள முடிஞ்சிருக்கும். என்ன ஒரு காலம்! கடைக்குப் போற வழியில உள்ள போயிட்டு வந்திருக்கலாம்.

சரி, பேச்சு எங்கயோ போகுது. உள்ள போனா எப்படி உக்காரணும்ங்கறதுலயும் ஒரு முறை இருக்கு. ஓரச் சீட்டு, வெளிய போற கதவுக்குப் பக்கமா. நடுச் சீட்டுல உக்கார்ந்துட்டு க்ளைமாக்ஸ்ல பதினாலு முழங்காலைத் தாண்டி வெளிய வர்ற ஆளை நான் மன்னிக்கவே மாட்டேன், அப்படி ஒரு ஆளா நானே ஒரு தடவை இருந்திருக்கேன், அதனால சொல்றேன். அப்புறம் மணி பார்க்கறது. போனை எடுத்துப் பார்த்தா அந்த வெளிச்சம் பின்னாடி இருக்கறவங்க கண்ணுல குத்தும், அதுக்காகவே முள் மினுக்கற வாட்ச் ஒண்ணு வாங்கினேன். ரேடியம் வாட்ச்னு நாம சொல்லிட்டே இருக்கோம், இப்ப வர்றதுல ரேடியமெல்லாம் கிடையாது, வெளிச்சத்தைக் குடிச்சு வச்சுக்கிட்டு இருட்டுல கொஞ்சம் கொஞ்சமா விடற ஒரு பூச்சுதான். அதுல என்ன சிக்கல்னா வெயில்ல இருந்து உள்ள போனதும் பச்சையா ஜொலிக்கும், நேரம் ஆக ஆக மங்கிட்டே போகும். எப்ப மணி பார்க்கத் தேவையே இல்லையோ அப்ப பளிச்னு தெரியும், ரெண்டு மணிக்கு மேல உயிர் போற அவசரத்துல பார்த்தா கண்ணுக்குப் பக்கத்துல கொண்டு வந்து தடவிப் பார்க்கணும். ஒரு தடவை 1.10ஐ 2.05ன்னு நினைச்சு பாதிப் படத்துல எந்திரிச்சு ஓடி, வெளிய வந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துட்டு, டிக்கெட் கிழிக்கறவர்கிட்ட பாத்ரூம்னு சொல்லிட்டு மறுபடி உள்ள போனேன்.

இன்னொண்ணு சொல்லணும், இது சிரிக்கற விஷயம் இல்ல. போன வருஷம் ஒரு நாள் போனை முழு சைலண்ட்ல போட்டுட்டு உக்கார்ந்துட்டேன். வெளிய வந்து பார்த்தா ஸ்கூல்ல இருந்து நாலு மிஸ்டு கால், மனைவிகிட்ட இருந்து ஏழு. பொண்ணுக்குக் காய்ச்சல், பதினொண்ணே முக்காலுக்கே வாந்தி எடுத்து ஆபீஸ் ரூம்ல படுக்க வச்சிருக்காங்க, எனக்கு அடிச்சு எடுக்கலைன்னு அவளுக்கு அடிச்சு, அவ மீட்டிங்கை விட்டுட்டு ஓடி வந்து கூட்டிட்டுப் போயிட்டா. நான் வீட்டுக்குப் போனப்ப பொண்ணு தூங்கிட்டு இருந்தா, இவ ஹால்ல உக்கார்ந்திருந்தா, எங்க இருந்தேன்னு கேட்டா. பொய் சொல்லணும்னு ஒரு நொடி தோணுச்சு. தியேட்டர்லன்னு சொன்னேன். அவ ஒண்ணுமே பேசல, எந்திரிச்சுப் போய் நெத்தித் துணியை நனைச்சுட்டு வந்தா. திட்டியிருந்தா பரவாயில்லையே. ஆபீஸ்ல இருந்தேன், அதனால எடுக்க முடியலைன்னா அது ஒரு காரணம், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. படம் பார்த்துட்டு இருந்தேன்னு சொல்லும்போது மட்டும் வார்த்தையே வாய்ல கூசுது, ஏன்னு அப்பவே யோசிச்சேன், இப்பவும் யோசிக்கிறேன்.

ரெண்டு மாசம் போகல. அப்புறம் ஒருநாள் அவளே, துணி மடிச்சுக்கிட்டே, "உனக்குப் பிடிச்ச டைரக்டர் படம் வந்திருக்கு போல, போயிட்டு வாயேன், போனை மட்டும் சட்டைப் பையில வச்சுக்கோ"ன்னா. அதுல இருந்து வைப்ரேஷன்ல போட்டு நெஞ்சுப் பக்கம் வச்சிருக்கேன். ஒவ்வொரு தடவை அது துடிக்கும்போதும் எனக்கும் துடிக்கும், எடுத்துப் பார்த்தா கிளாஸ் வாட்ஸப் குரூப்ல யாரோ "நாளைக்கு ஓவியப் போட்டிக்குக் கிரேயான்ஸா ஸ்கெட்ச்சா"ன்னு கேட்டிருப்பாங்க, அதுக்கு நாப்பத்தி ரெண்டு பேர் பதில் போட்டிருப்பாங்க. ஒரு கொலை விசாரணைப் படத்தை முழுக்க முழுக்க கிரேயான்ஸ் நடுவுலயேதான் பார்த்தேன். குரூப்பை மட்டும் மியூட் பண்ணலாம்னு எனக்குத் தெரியறதுக்கே மூணு மாசம் ஆச்சு.

முடிவு பார்க்காம வந்த படம் இதுவரைக்கும் பதினொண்ணு. ஆரம்பத்துல வீட்டுக்கு வந்ததும் நெட்ல கதைச் சுருக்கத்தைத் தேடிப் படிச்சிடுவேன். "கடைசியில் அவன் உண்மையை உணர்கிறான்"னு ஒரே வரி. இதுக்கா நான் ரெண்டு மணி நேரம் நகத்தைக் கடிச்சேன்னு இருக்கும். ஓடிடில வந்ததும் கடைசி இருபது நிமிஷத்தை மட்டும் ஓட்டிப் பார்க்கறதும் பண்ணினேன், அதுவும் சரியா வரல, பகல் வெளிச்சத்துல, ஹால் சோபால, பக்கத்துல துணி மூட்டையோட, அந்த ஆளுங்க எல்லாம் யாரோ மாதிரி இருந்தாங்க. இப்ப விட்டுட்டேன். நடுவுலதான் படமே இருக்கு, முடிவுங்கறது பெரும்பாலும் டைரக்டர் கடையைச் சாத்தறதுதான்னு ஒரு கொள்கை பிடிச்சு வச்சிருக்கேன். முடிவு பார்க்க முடியாதவன் பிடிச்ச கொள்கைன்னு எனக்கே தெரியும்.

ஆனா ஒரு காலத்துல ஜனங்க இப்படித்தான் படம் பார்த்திருக்காங்க. அமெரிக்காவுல தியேட்டர்ல படம் விட்டு விட்டு இல்லாம தொடர்ந்து ஓடிட்டே இருக்கும், எப்ப வேணா உள்ள போலாம், பாதில போய் உக்கார்ந்து, முடிவைப் பார்த்து, மறுபடி ஆரம்பம் ஓடும்போது பார்த்து, நாம வந்த இடம் வந்ததும் எந்திரிச்சு வந்துடலாம். 1960ல ஹிட்ச்காக் தன்னோட சைக்கோ படத்துக்கு ஆரம்பிச்சதுக்கு அப்புறம் யாரையும் உள்ள விடக்கூடாதுன்னு கறாரா விதி போட்டது பெரிய செய்தியே ஆச்சு. என்னை மாதிரி ஆளுக்கு அந்தப் பழைய ஏற்பாடு எவ்வளவு வசதி, திங்கக்கிழமை முதல் பாதி, புதன்கிழமை ரெண்டாம் பாதி.

எனக்குன்னே எடுத்த மாதிரி படமும் இல்லாம இல்ல. 2004ல வந்த பிஃபோர் சன்செட் 80 நிமிஷம்தான், அதுல அந்த ஆளுக்கு ஃப்ளைட் பிடிக்கணும், அந்தப் பொண்ணோட பேசிட்டே நடக்கறான், படத்துல ஓடற நேரமும் நம்ம நேரமும் ஒண்ணு. கிளம்பணும் கிளம்பணும்னு சொல்லிட்டே கிளம்பாம இருக்கற ஒருத்தனோட வயித்தெரிச்சல் ஸ்கூல் டூட்டி பார்க்கறவனுக்குத் தெரியற மாதிரி யாருக்குத் தெரியும். 1952ல வந்த ஹை நூன் 85 நிமிஷம், அதுல பன்னெண்டு மணி ரயில்ல வில்லன் வர்றான், படம் முழுக்க சுவர்க் கடிகாரத்தைக் காட்டிட்டே இருப்பாங்க. ரெண்டையும் வீட்டுலதான் பார்த்தேன், தியேட்டர்ல மத்தியானம் போட்டா மறுபடி போவேன், ஹை நூனுக்கு வாட்ச் கூட வேண்டாம்.

வெளிய வர்றது தனி அனுபவம். நைட் ஷோல இருட்டுல இருந்து இருட்டுக்கு வர்றோம், படம் கூடவே வரும். மத்தியானம் கதவைத் தள்ளினா அப்படியே மூஞ்சில அறையற வெயில். எனக்கு உடனே மூணு தும்மல் வரும், சரியா மூணு. திடீர்னு பளிச்னு வெளிச்சம் பட்டா தும்மறது பரம்பரையா வர்ற ஒரு விஷயமாம், கிட்டத்தட்ட நாலுல ஒருத்தருக்கு இருக்குமாம், எங்க அப்பாவுக்கும் உண்டு, பொண்ணுக்கும் உண்டு. மூணாவது தும்மலோட படம் மண்டையை விட்டுப் போயிடும். அப்புறம் சிக்னல், வண்டி, கேட்டுக்கு எதிர்ல ஒரு சந்துல நிறுத்தறது. அங்க நிக்கிற மத்த அப்பா அம்மாக்கள்கிட்ட "என்ன, வீட்டுல இருந்தா வர்றீங்க"ன்னு கேட்டா "ஆமா"ன்னு சொல்லிடறது. ஒரே ஒரு அம்மா மட்டும் ஒருநாள் என்னை உத்துப் பார்த்துட்டு, "படத்துக்குத்தானே போனீங்க? முந்தாநேத்து நானும் அங்கதான் இருந்தேன், நாலு வரிசை பின்னாடி, நீங்க கடைசில ஓடினதைப் பார்த்தேன்"னாங்க. அவங்க எப்படி அதுக்கப்புறமும் இருந்து பார்த்துட்டு பெல்லுக்கு வந்தாங்கன்னு கேட்டேன். அன்னைக்கு அவங்க வீட்டுக்காரர் முறையாம்.

செவ்வாய்க்கிழமைக்கு வர்றேன். படம் 137 நிமிஷம், எனக்குக் கட்டுப்படியாகாதுன்னு தெரியும், தெரிஞ்சும் போனேன், ஏன்னா புதன்கிழமைல இருந்து அந்த ஷோ கிடையாது. 2.10க்கு எந்திரிச்சேன், தும்மினேன், 2.45க்கு கேட்ல நின்னேன். பொண்ணு வந்து பையைக் குடுத்துட்டு என் கையைப் பிடிச்சா, பிடிச்சதும் விட்டா, மறுபடி பிடிச்சுப் பார்த்தா.

"கை ஜில்லுனு இருக்கு. படத்துக்குப் போனியாப்பா?"

நான் அவகிட்ட ஒரு நாளும் சொன்னதில்ல. எப்படிக் கண்டுபிடிச்சேன்னு கேட்டா, சில நாள் கை இப்படி இருக்கும், அன்னைக்கெல்லாம் அவ கேட்கற எதுக்கும் நான் ஒழுங்காப் பதில் சொல்ல மாட்டேனாம், அம்மாகிட்ட கேட்டாளாம், அம்மா சொல்லிட்டாளாம். அங்க ஏசி போட்டு நடுங்க வைக்கறாங்க, 35 நிமிஷம் ஓட்டிட்டு வந்தும் அது போகல போல.

வண்டில ஏறினதும் கதை சொல்லுன்னா. அவளுக்குச் சொல்லக்கூடிய அளவுக்குச் சுருக்கி, ரத்தத்தை எடுத்துட்டு, ஒரு நாயைச் சேர்த்துச் சொன்னேன். கதவு வரைக்கும் வந்தேன்.

"யாரு இருந்தா?"

"தெரியலைம்மா. அப்பா வந்துட்டேன்."

"கதவைத் திறக்கறதுக்கு முன்னாடியேவா?"

"ஆமா."

"ஏன்?"

"உனக்கு பெல் அடிச்சிடுமே."

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. கண்ணாடில பார்த்தா ஷூ லேஸை இழுத்துட்டு யோசிச்சுட்டு இருக்கா. அப்புறம், என்னமோ நான்தான் சின்னப் பிள்ளை மாதிரி, "இருந்து பார்த்துட்டு வந்திருக்கலாம்ல, அஞ்சு நிமிஷம் நான் நின்னிருப்பேனே"ன்னா.

இருபத்திரண்டு நிமிஷம்னு நான் சொல்லல.